ஷிப்டுக்குப் போகிறவர் ஸ்ரீபாஷ்யம் படிக்கலாகாதா?

இறையியல் நிதானமான மனத்துக்குரிய படிப்பு, வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு அது ஒத்துவராது என்ற பேச்சு நம்மிடையே வேரூன்றிவிட்டது. மடங்களில் இதைச் சொல்கிறார்கள். திருச்சபைகளில் சொல்கிறார்கள். கல்வித்துறையில் இருப்பவர்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறார்கள். ஒரகடத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ ஆலையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் முதுகலையில் வைணவமோ கிறித்தவ இறையியலோ படிக்க ஆசைப்பட்டு யாரிடமாவது யோசனை கேட்டால், "வேலைய விட்டுட்டு வாங்க தம்பி, இது ஓடிக்கிட்டே படிக்கிற படிப்பு இல்ல" என்ற பதில்தான் கிடைக்கிறது. அன்பாகத்தான் சொல்கிறார்கள். அன்பாகச் சொல்லப்படுவதாலேயே யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் சம்பளம் நின்றால் ஊரில் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருப்பவரிடம் வேலையை விட்டுவிட்டு வா என்பது, வராதே என்பதற்குச் சமம். அப்படிச் சொல்ல இந்த மரபுகளில் யாருக்கும் உரிமை இல்லை என்பது என் வாதம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முதலில் தெளிவாகட்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் முதல் காரை வெளியே விட்டதிலிருந்து இந்த வட்டாரத்தின் முகம் மாறியது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் வளாகங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வந்தன. ரெனோ-நிஸ்ஸான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ், சாம்சங், ஃபாக்ஸ்கான் என்று பெயர்கள் நீளும். லைனில் நிற்கிறவர்களில் டிப்ளமோவும் பட்டமும் முடித்தவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்கிறார்கள். பெரும்பாலோர் எம்.பி.ஏ., எம்.காம். என்று போவார்கள். மிகச் சிலர் கடவுளைப் பற்றிய நூல்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சம்பள உயர்வோ பதவி உயர்வோ தராத படிப்பு என்று தெரிந்தேதான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அவர்களுடைய நாள் எப்படிப்பட்டது? ஏ ஷிப்ட் வாரத்தில் விடியுமுன் எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பி ஷிப்ட் வாரத்தில் அறைக்குத் திரும்ப நள்ளிரவாகும். நைட் ஷிப்ட் வாரத்தில் பகல் முழுவதும் தூக்கத்தோடு போராட வேண்டும். ஐந்தாறு பேர் பங்குபோடும் அறையில் ஒருவர் படிக்க விளக்கைப் போட்டால் இன்னொருவர் தூக்கம் கெடும். அதனால் படிப்பு மொட்டை மாடிக்கோ தேநீர்க் கடை பெஞ்சுக்கோ நகர்கிறது. ஆலைக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லாத இடங்களில், படிக்க வேண்டிய பக்கத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தால் அன்றைக்கு ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலை வந்து நிற்கும். ஓ.டி.யை மறுக்க முடிந்தவர் நிரந்தரத் தொழிலாளி மட்டும்தான். ட்ரெய்னியும் கான்ட்ராக்டில் இருப்பவரும் மறுத்தால் அடுத்த மாதம் அந்த வேலையே இருக்குமா என்று தெரியாது. இவ்வளவுக்கும் நடுவில் ராமானுஜரின் வேதார்த்த ஸங்க்ரஹத்தையும் ரோமருக்கு எழுதிய நிருபத்தையும் வாசிக்கிறார்கள். இவர்களிடம் ஊக்கம் போதாது என்று குறை சொல்வது அநியாயம்.

இனி மரபைப் பார்ப்போம். ஓய்வுதான் இறையியலுக்குத் தாய் என்பவர்கள் மரபைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை பூவிருந்தவல்லி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று போய்க் காஞ்சிபுரத்தை ஒட்டிக் கடக்கிறது. கம்பெனி பஸ்கள் இரவும் பகலும் ஓடும் இந்தத் தடத்தில்தான் தென்னாட்டு இறைச்சிந்தனையின் பெரிய திருப்பம் ஒன்று நிகழ்ந்தது. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராஜருக்கு விசிறி வீசும் ஆலவட்டக் கைங்கரியம் செய்தவர். வைசிய குலத்தவர். ராமானுஜர் தம் ஐயங்களுக்கு விடை தேடியபோது இவரிடம்தான் போய் நின்றார். விசிறி வீசும் பணிக்கிடையே பெருமாளிடம் கேட்டு நம்பி கொண்டுவந்து கொடுத்த ஆறு வார்த்தைகள் அந்தத் தரிசனத்துக்கே அடிப்படையாக அமைந்தன என்கிறது குருபரம்பரை. அந்த ஆறில் ஒன்று, சரணடைந்தவருக்கு உயிர் பிரியும் நேரத்தில் இறைநினைவு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது. கடைசி மூச்சில் நினைவு தப்பினாலும் பாதகமில்லை என்று சொன்ன மரபு இது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து புத்தகத்தின்மேல் கண்ணயர்ந்தவரை இந்த மரபின் பெயரால் தள்ளிவைக்க முடியாது.

1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்ததாக மரபு சொல்லும் ராமானுஜரின் மாணவப் பருவமும் இதே தடத்தில்தான் கழிந்தது. காஞ்சிக்கு அருகில் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் கற்றார். குருவுக்கும் சீடருக்கும் இடையே வெடித்த முதல் பெரிய கருத்து வேறுபாடு எப்போது வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சீடர் குருவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சாந்தோக்ய உபநிடதத்தில் இறைவனின் கண்களை வருணிக்கும் ஓரிடத்துக்குக் குரு தாழ்வான பொருள் சொன்னார். சீடரின் கண்ணீர் குருவின் தொடைமேல் சுடச்சுட விழுந்தது. காரணம் கேட்டபோது, கதிரவனால் மலர்ந்த தாமரை என்ற வேறு பொருளைச் சீடர் எடுத்துச் சொன்னார். கைகள் உடலுழைப்பில் இருந்தன, மனம் வாக்கியத்தில் இருந்தது. கை வேலையில் இருந்தால் மனம் வாக்கியத்தில் நிற்காது என்று பேசுகிறவர்கள், தாங்களே ஆண்டுதோறும் சொல்லிவரும் இந்தக் கதையை ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

காஞ்சிபுரம் மாவட்டத்துக் கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வானை இந்த வட்டாரத்து மாணவர்கள் தங்களவராகவே கொண்டாடலாம். போதாயன விருத்தி என்ற பழைய உரையைத் தேடி ராமானுஜரோடு காஷ்மீரம் போனவர் அவர். வழியில் ஓலை பறிக்கப்பட்டது. குரு கலங்கியபோது, இரவுகளில் அதைப் படித்து நெஞ்சில் வாங்கிவிட்டதாக ஆழ்வான் சொன்னார். பகலில் நடை, இரவில் படிப்பு. ராமானுஜரின் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யம் எழுதப்படும்போது எழுத்தாணி பிடித்தவரும் அவரே. அடுத்த தலைமுறைகளில் ஆசாரியர் நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன விளக்கங்களைப் பகலில் கேட்டு இரவில் எழுதிவைத்தவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. அந்த இராப்பொழுது வேலைதான் இன்று ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று நாம் போற்றும் உரை.

அவர்கள் மகான்கள், அவர்களை லைனில் நிற்கிறவரோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். அவர்களுக்கு மடமும் சீடர் கூட்டமும் ஆதரவாக இருந்தன, மாதத் தவணை கட்ட வேண்டிய கவலை இல்லை என்பதும் உண்மைதான். நான் நிறுவ வந்தது அதைவிடச் சிறிய செய்தி. இந்த நூல்கள் ஒதுங்கிய அமைதியில் பிறந்தவை என்ற நம்பிக்கை பொய். பயணத்துக்கும் பணிவிடைக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் இடையில் பிறந்த நூல்கள் இவை. திருவரங்கம் கோயிலின் பணிமுறைகளையே ராமானுஜர் திருத்தி அமைத்தார் என்று அக்கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்கிறது. யாருக்கு எந்த வேலை, எந்த வேளையில் எந்தப் பொறுப்பு என்று வகுத்துத் தந்தவர் ஓய்வாக உட்கார்ந்து உரை எழுதியிருக்க முடியாது.

வரலாற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நூல்களுக்குள் இருக்கும் செய்தி. வேதார்த்த ஸங்க்ரஹத்தின் முடிவுப் பகுதியில் ஒரு விவாதம் வருகிறது. எதிர்த்தரப்பு கேட்கிறது: பிறருக்கு அடங்கி நடப்பது எல்லாருக்கும் துன்பம்தானே? சேவகம் நாயின் பிழைப்பு என்று மனுவே சொல்லியிருக்கிறாரே? அப்படியிருக்க, இறைவனுக்கு என்றென்றும் தொண்டு செய்வதை எப்படி உயர்ந்த இன்பம் என்கிறீர்கள்? கேள்வியின் கூர்மையைப் பாருங்கள். அடிமைத்தனத்தின் கசப்பை அறியாதவர் இந்தக் கேள்வியை எழுப்பியிருக்க மாட்டார். ராமானுஜர் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. ஒருவர் தம்மை யார் என்று எண்ணுகிறாரோ அதைப் பொறுத்தே எது இன்பம் எது துன்பம் என்பது அமைகிறது என்கிறார். உயிர் இயல்பாகவே பரம்பொருளுக்கு மட்டும் உரிய பொருள். அந்த உறவு இயல்பானது, அதனால் அதில் இன்பம். மற்றவருக்கு அடிமைப்படுவது உயிரின் இயல்புக்கு ஒவ்வாதது, அதனால் அது துன்பம். தகாதவரைச் சேவிப்பதைத்தான் நாயின் பிழைப்பு என்று சொன்னது என்று முடிக்கிறார்.

இந்தப் பகுதியை ஓய்வான அறையில் வாசிப்பவருக்கு இது தருக்கத் திறமையின் எடுத்துக்காட்டு. தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி. லைனில் நின்றுவிட்டு வந்து வாசிப்பவருக்கு அவருடைய பகல் முழுவதும் இந்தக் கேள்விதான். எட்டு மணி நேரம் அவருடைய கை எப்போது நீள வேண்டும், எப்போது மடங்க வேண்டும் என்பதைச் சைக்கிள் டைம் தீர்மானிக்கிறது. கழிப்பறைக்குப் போக லைன் லீடரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஓர் அறிவுள்ள உயிர் தன் பயனுக்காக முழுமையாக இயக்கித் தாங்கும் பொருளே அதன் உடல் என்று ஸ்ரீபாஷ்யம் உடலுக்கு இலக்கணம் சொல்கிறது. அப்படியானால் ஷிப்ட் நேரத்தில் இந்தக் கை யாருடைய உடல் என்று ஒரு மாணவர் கேட்டால், அதற்கு விடை தேடாமல் அந்த இலக்கணத்தைப் புரிந்துகொண்டேன் என்று எந்தப் பேராசிரியரும் சொல்ல முடியாது. முழு உயிருக்கும் உரிமை கொண்டாடக் கூடியவன் ஒருவன்தான் என்ற கோட்பாட்டுக்குள், வேறு எந்த முதலாளியும் அந்த உரிமையைக் கோர முடியாது என்பது அடங்கியிருக்கிறது. வேலையே வழிபாடு என்று சுவரில் எழுதிவைக்கும் நிர்வாகத்துக்கு ஸ்ரீபெரும்புதூர்க்காரர் அன்றே சொன்ன பதில் இது. இப்படித்தான் நான் அந்தப் பகுதியை வாசிக்கிறேன். ஆலைக்குப் போகாத அறிஞர்கள் எழுதிய விளக்கங்களில் இந்தக் கோணத்தை நான் பார்த்ததில்லை.

கிறித்தவ நூல்களிலும் இதே கதைதான். யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் தங்கள் தேவனுக்குப் பலியிடப் போக வேண்டும் என்று எபிரேயர் கேட்கிறார்கள். பார்வோன் என்ன செய்கிறான்? சோம்பேறிகள், அதனால்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்கிறான். வைக்கோலைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும், செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாது என்று கட்டளையிடுகிறான். உழைக்கிறவர் கடவுளை நினைக்க நேரம் கேட்டால் அது சோம்பல் என்ற வாதம் வேதத்தில் பார்வோனின் வாயிலிருந்துதான் வருகிறது. ஓய்வுநாள் கட்டளைக்கு யாத்திராகமம் படைப்பைக் காரணமாகச் சொல்கிறது, உபாகமமோ எகிப்தின் அடிமைத்தனத்தைக் காரணமாகச் சொல்லி வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த வாரங்களில் உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்க இந்த வட்டாரத்துத் தொழிலாளியைவிடத் தகுதியானவர் யார்?

திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமை இன்னொன்று. விடியலில் வந்தவருக்கும் பொழுதுசாயும் முன் வந்தவருக்கும் ஒரே கூலி. பிரசங்கங்களில் இது பரலோகக் கிருபையைப் பற்றிய கதையாகவே முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரே கார்க் கதவை ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளியும் ட்ரெய்னியும் கான்ட்ராக்ட் தொழிலாளியும் மூன்று விதச் சம்பளத்துக்குப் பொருத்தும் ஊரில் இருந்து வருபவர், நாள்கூலி என்ன, ஏன் சிலரை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை, முணுமுணுத்தவர் தரப்பில் நியாயம் உண்டா என்று கேட்பார். விளக்கவுரைகள் மெதுவாகச் சுற்றி வந்து சேரும் கேள்விகளுக்கு அவர் முதல் வாசிப்பிலேயே வந்துவிடுகிறார்.

என் தரப்புக்கு எதிராக ஒரு வலுவான சாட்சி உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய் 1934 டிசம்பரில் தத்துவ ஆசிரியர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஆலைத் தொழிலாளியானார். 1935-இன் கோடையில் அவர் வேலை பார்த்தது பாரிஸை ஒட்டிய ரெனோ ஆலையில். ஒரகடத்தில் கார் செய்ய வந்த அதே ரெனோ. வேகமும் கட்டளையும் சேர்ந்து சிந்தனையையே கொன்றுவிடுகின்றன, யோசிக்காமல் இருந்தால்தான் நாளைக் கடத்த முடியும் என்பது அவருடைய அனுபவம். பிற்காலத்தில் கடவுளைப் பற்றியும் கவனத்தைப் பற்றியும் அவர் எழுதியவை ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு எழுதப்பட்டவை. இதைக் காட்டி, பார்த்தீர்களா, ஆலையில் இருந்துகொண்டு முடியாது என்று சொல்லலாம்.

ஆனால் வெய் அந்த முடிவுக்கு வரவில்லை. 1936-இல் ரோசியேர் வார்ப்பாலைத் தொழிலாளர்களுக்கான இதழில் அவர் சொஃபக்ளீஸின் அந்திகொனே நாடகத்தை எடுத்து விளக்கி எழுதினார். துன்பத்தையும் போராட்டத்தையும் அறிந்தவர்களுக்கே அந்த நாடகம் நெருக்கமாகப் புரியும் என்று நம்பியதால் எழுதினார். அவருடைய சாட்சியம் குற்றம் சாட்டுவது வேகத்தை, இடைவெளியில்லாத கட்டளையை, களைப்பைப் போக்க நேரம் தராத ஏற்பாட்டை. தொழிலாளியின் தகுதியை அவர் ஓரிடத்திலும் குறைத்துப் பேசவில்லை. நோய்க்குக் காரணம் ஏற்பாடு என்றால் ஏற்பாட்டைத்தான் மாற்ற வேண்டும். நம்முடைய கல்வியாளர்களோ ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டு மாணவரை வாசலில் நிறுத்துகிறார்கள்.

ஆழம் போய்விடும் என்பது அவர்களுடைய அடுத்த கவலை. சமஸ்கிருதமும் கிரேக்கமும் எபிரேயமும் பகுதிநேரத்தில் வருமா? கடினம்தான், நாளாகும். இரண்டு ஆண்டில் முடிப்பது நான்காண்டு ஆகலாம். ஆனால் பாடத்தின் கனத்தைக் குறைக்கும்படி யாரும் கேட்கவில்லை, காலத்தின் கட்டைத் தளர்த்தும்படிதான் கேட்கிறார்கள். முதுகலை என்றால் விடுதியில் தங்கி, பகலில் வகுப்புக்கு வந்து, வருகைப் பதிவேட்டில் விழுக்காடு காட்டினால்தான் ஆழம் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. அது ஒரு நிர்வாக வசதி, அவ்வளவே.

அந்த வசதியை உடைத்துக் காட்டிய அனுபவம் அறுபது ஆண்டுகளாக உலகத்தின் கண்முன் இருக்கிறது. குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி 1963-இல் ஒரு முடிவெடுத்தது. கிராமத்துச் சபைகளை உண்மையில் நடத்திவந்தவர்கள் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும். குடும்பத்தையும் வேலையையும் விட்டு அவர்களால் விடுதிக்கு வர முடியவில்லை. வந்து படித்த இளைஞர்களில் பலர் கிராமத்துக்குத் திரும்பவில்லை. அதனால் கல்லூரியே அவர்களைத் தேடிப் போனது. வீட்டில் படிக்கப் பாடநூல், வாரத்துக்கு ஒருமுறை அருகிலுள்ள இடத்தில் ஆசிரியரோடு கூடி விவாதம். இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. 1971-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு டாஃப்டீ என்ற அமைப்பு இதே வழியில் இந்தியாவில் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே இறையியல் படிக்க விரும்புகிறவர்களுக்கென்றே அமைந்தது அது. மதுரை அரசரடியில் 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் தன் மாணவர்களை வளாகத்துக்கு வெளியே மக்களோடு தங்கிப் பயிலச் செய்து பெயர் பெற்றது. மாணவர் தொழிலாளியிடம் போய்க் கற்கலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, தொழிலாளியே மாணவராக வந்தால் என்ன தடை?

இந்த விஷயத்தில் வைணவ, சைவ நிறுவனங்கள் பின்தங்கியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. கற்பிக்க இடமில்லை என்று சொல்ல முடியாது; சென்னைப் பல்கலைக்கழகத்தில் வைணவத்துக்கும் சைவ சித்தாந்தத்துக்கும் கிறித்தவ இயலுக்கும் தனித்தனித் துறைகள் உண்டு. ராமானுஜரின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டித் தொலைக்காட்சித் தொடருக்குக் கலைஞர் வசனம் எழுதினார், 2017-இல் அஞ்சல்தலை வெளியானது, ஊர்தோறும் விழா எடுத்தார்கள். அந்த உற்சாகத்தில் ஒரு பங்கு அவர் பிறந்த ஊரின் ஆலைத் தொழிலாளிக்கு அவருடைய நூலைக் கற்பிப்பதில் செலவாகியிருக்கலாம். திருக்கோட்டியூரில் கோபுரத்தின் மேலேறி மந்திரப் பொருளை எல்லாருக்கும் சொன்னார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். எல்லாருக்கும் என்பதில் பி ஷிப்ட் தொழிலாளி அடங்க மாட்டாரா?

மோட்சத்துக்கு வழி எல்லாருக்கும் திறந்திருக்கிறது, சாஸ்திரப் படிப்பு வேறு என்று இங்கே ஒரு பிரிவினை செய்வார்கள். திருவாய்மொழிக்குச் சீடர் பிள்ளான் எழுதிய ஆறாயிரப்படி என்ற உரையை ராமானுஜரே பணித்தார் என்பதையும், அதன் பிறகு வந்த உரைகள் மணிப்பிரவாளத்தில் கோயில் மண்டபங்களில் பலதரப்பட்டோர் முன்னிலையில் சொல்லப்பட்டன என்பதையும் நினைத்தால் இந்தப் பிரிவினை நிற்காது. பொருள் எல்லாருக்கும் போய்ச்சேர வேண்டும் என்ற முயற்சிதான் அந்த உரைகளையே தந்தது.

ஓய்வு பெற்ற பிறகு படிக்கலாமே என்கிறவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. இந்த வட்டாரத்தில் பலருக்கு வேலையே சில ஆண்டு ஒப்பந்தம். 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டபோது வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். ஓய்வூதியத்தோடு நிம்மதியாக உட்காரும் வயது இவர்கள் வாழ்வில் வருமா என்பதே கேள்வி.

முற்போக்கு நண்பர்கள் வேறு திசையிலிருந்து மறுக்கிறார்கள். தொழிலாளிக்கு வேண்டியது சங்கம், இறையியல் அவரை மயக்கும் என்கிறார்கள். சங்கம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற தோழிகளுக்காகப் பெண் தொழிலாளர்கள் இந்த நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிச் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முதன்மைக் கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். தங்களை மனிதராக மதித்துப் பேச்சுவார்த்தைக்கு அழைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு அடியில் மனிதர் யார், அவருடைய மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியை ஆயிரம் ஆண்டுகளாகக் கையாண்ட நூல்களைத் தொழிலாளியின் கைக்கு எட்டாமல் வைப்பதால் சங்கத்துக்கு என்ன லாபம்? 1981-இல் பெங்களூரில் இறையியலாளர் அர்விந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு வித்திட்ட உரையை ஆற்றினார். ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் வாழ்விலிருந்தே கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது மயக்கம் விலகியது, துறையே மாறியது. ஆலைத் தொழிலாளிகள் பேசத் தொடங்கினாலும் அப்படித்தான் ஆகும்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென்று 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை அது. அத்தனை இளம்பெண்களில் கடவுளைப் பற்றி ஆழ்ந்து படிக்க விரும்புகிறவர் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்று எந்த மடமும் எந்த இறையியல் கல்லூரியும் முடிவுகட்ட முடியாது. பெண்களுக்கு வேதாந்தம் ஆகாது என்ற பழைய தடையைப் பலர் வாயளவில் விட்டுவிட்டார்கள். ஓய்வில்லாதவர்களுக்கு ஆகாது என்ற புதிய தடை அதே பெண்களை அதே வாசலில் நிறுத்துகிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒரே பாடத்தை ஒரே நாளில் காலை, பிற்பகல், மாலை என மூன்று முறை நடத்துங்கள். ஏ ஷிப்டில் இருப்பவர் மாலைக்கு வருவார், பி ஷிப்டில் இருப்பவர் காலைக்கு, நைட் ஷிப்டில் இருப்பவர் தூங்கி எழுந்து பிற்பகலுக்கு. அடுத்த வாரம் ஷிப்ட் மாறினால் அவர் நேரமும் மாறும், பாடம் விடுபடாது. பஸ்ஸில் கேட்க ஒலிப்பதிவு கொடுங்கள். தேர்வுத் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள், ஷிப்டை மாற்றிக்கொள்ள ஆள் பிடிக்க அவகாசம் வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ நள்ளிரவு வரை திறந்திருக்கும் ஒரு வாசிப்பறை வேண்டும். நல்ல விளக்கும் நாற்காலியும் மூலநூல்களும் அகராதிகளும் இருந்தால் போதும். ஆசிரியர் வாரம் ஒருமுறை அங்கே வந்து உட்கார வேண்டும்.

மடாதிபதிகளுக்கும் பேராயர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை அறிவிப்பில், வகுப்பு நேரம் என்ற இடத்தில் மூன்று நேரங்களை அச்சிடுங்கள். அந்த அறிவிப்பை ஒரகடம் சந்திப்பில் கம்பெனி பஸ் நிற்கும் இடங்களில் ஒட்டுங்கள்.